ஐம்பத்து மூன்றாவது குடை

“மெதுவாப் பேசுடி, இடி வர்ற நேரம்!” என்று கேன்டீன் மேசையில் வரவேற்பறை அக்கா பல்லைக் கடித்தாள்.

இடி என்பது முதலாளிக்கு ஊழியர்கள் வைத்த பெயர். அவர் தும்மினால் ஒன்பது மாடியிலும் காபி தளும்பும். வேலை நேரத்தில் அலைபேசியில் வெளி அரட்டை அடித்ததற்காகப் போன வாரம்தான் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

ஆனால் கணினிப் பிரிவுப் பெண்ணுக்கு வாய் நிற்கவில்லை.

“அக்கா, காலையில என் குடைக்கம்பியைப் படம் பிடிச்சுப் போட்டேன். அஞ்சே நிமிஷம்! ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், எந்தக் கம்பியை முதல்ல கழட்டணும்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறாங்க!”

“குடை ரிப்பேருக்கு இணையத்துல ஒரு கூட்டமா? நல்லாயிருக்கு போ!”

“மொத்தமே ஐம்பத்திரண்டு பேர்தான்க்கா. பல் டாக்டர் வீட்டுச் செருப்பு அலமாரியில ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுலதான் எல்லாம் ஓடுது. இதே மாதிரி குழாய் ரிப்பேர்காரங்க, கடிகாரக்காரங்கன்னு ஆளாளுக்குத் தனிக்குடித்தனம். நடுவுல கதவு இருக்கு, போகலாம், வரலாம். பிடிக்கலைன்னா சாத்திக்கலாம். உலகமே விழுந்து கிடக்குதே அந்தப் பெரிய தளம், அது மாதிரி சந்தைக்கூச்சல் கிடையாது.”

அக்கா பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். “இங்க உட்கார்ந்துக்கிட்டு இதைப் பேசறியா? அதுல என்ன குறைச்சல்? முடி வெட்டிக்கிட்டுப் படம் போட்டேன், ஆயிரத்து நூறு லைக்!”

“அதுல ஒருத்தராவது உங்க கழுத்துவலி எப்படி இருக்குன்னு கேட்டாங்களா?”

அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்ற இடி, மேசையில் கிடந்த அவளுடைய அலைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை முழுக்கக் குடை.

“என் அறைக்கு வாம்மா.”

அந்த இருபது அடியை நடந்து முடிப்பதற்குள், அவள் மனதுக்குள் வேலை போய், அப்பாவிடம் திட்டு வாங்கி, ஊர் ஊராக வேலை தேடி அலைந்து, தலையும் நரைத்துவிட்டது.

இடி கதவைச் சாத்தினார். திரைச்சீலையை இழுத்து மூடினார்.

“எத்தனை நாளா?”

“ஆறு மாசம் சார்.”

“விளம்பரம்?”

“வராது சார்.”

“லைக்?”

“கிடையாது சார். பிடிச்சிருந்தா நாலு வரி எழுதணும். ஒருத்தர் ரெண்டு நாள் வரலைன்னா, உடம்புக்கு என்னன்னு விசாரிச்சுடுவாங்க. சார், என் வேலையை மட்டும்...”

“வேலை கிடக்கட்டும்மா!” முன்னால் சாய்ந்த இடியின் குரல் தூறலாகியிருந்தது. “நானும் மூணு தடவை விண்ணப்பிச்சேன். மூணு தடவையும் வேண்டாம்னுட்டாங்க.”

அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும். “என்ன சார் எழுதினீங்க?”

“ஒரே மாசத்துல பத்து லட்சம் பேரைச் சேர்த்துத் தர்றேன்னு.”

“ஐயோ சார்! அதைப் படிச்சா பல் டாக்டர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு ஓடியே போயிடுவார். உங்க குடைக்கு என்ன ஆச்சோ அதை மட்டும் எழுதுங்க. நான் சிபாரிசு பண்றேன்.”

இடி பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நாக்கைத் துருத்திக்கொண்டு தன் அலைபேசியில் தட்டினார். “மூணாவது கம்பி... காத்துல... திரும்பிக்கிச்சு...” கண் இரண்டும் பளபளவென்று மின்னின. சட்டென்று விரல் நின்றது.

“என்ன தொழில் செய்யறீங்கன்னு கடைசியா ஒரு கேள்வி இருக்கேம்மா?”

“உள்ளதைப் போடுங்க சார்.”

“போட்டா சேர்த்துக்க மாட்டாங்களேம்மா!” என்று அழாத குறையாகக் கெஞ்சினார், எண்பது கோடிப் பேர் கட்டைவிரல் தேயத் தேய உருட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய தளத்தின் முதலாளி.