போயிட்டார்

அச்சகத்தில் பிழை திருத்தும் அவளுக்கு அன்று ஒரு வரிகூட ஓடவில்லை. முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். எட்டு நாளாக அவதி. கடையில் டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்கும் மருந்தே போதும் என்று அண்ணன் அடம்பிடித்தான். மூன்று விதம் கொடுத்தும் பலனில்லை. நேற்று அவள் சண்டை போட்டு, டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைக் கொடுக்க வைத்தாள்.

பதினோரு மணிக்கு அண்ணன் போன் செய்தான்.

“போயிட்டாரா? எப்போண்ணா?” என்றவள், மேஜையில் கவிழ்ந்து தேம்பினாள்.

இயந்திரங்களை நிறுத்தினார்கள். முதலாளி ஓடி வந்தார். “மனசைத் தேத்திக்கம்மா. கஷ்டப்படாம போனாரா?”

“ரொம்பக் கஷ்டப்பட்டார் சார். இப்பதான் நிம்மதி.”

அதற்குள் அவள் கைபட்டு போனில் ஸ்பீக்கர் அலறியது. “அம்மாடி, அப்பா பேசறேன். பசி தாங்கலடா. வரும்போது சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வா!”

முதலாளி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “வலி மாத்திரை குடலையும் சேர்த்துத் தூங்க வச்சிடுச்சு சார். எட்டு நாளா வெளிக்கே போகல. கடை மருந்தால அதை எழுப்ப முடியல. நேத்து கொடுத்த டாக்டர் மாத்திரை, வலியை எழுப்பாம குடலை மட்டும் எழுப்பி விட்டிருக்கு. முதுகுவலி திரும்பவே இல்லையாம்!”

“குடலை மட்டுமா?”

“ஆமா சார்.”

அவர் தன் வயிற்றின் மேல் மெல்லக் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அறுபது வருஷமா இது பாட்டுக்கு வேலை பார்த்துக்கிட்டு இருக்கும்மா! நான் ஒரு நாள்கூட நினைச்சுப் பார்த்ததில்லையே!”