முற்றத்துப் பானைகள்

கடைசிப் பானையையும் முற்றத்துக்குத் தூக்கி வந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

எண்ணெய்ப் பானை, மாவுப் பானை, உப்புமீன் பானை எல்லாம் வெளியே. கல்ஜாடியை மட்டும் உள்ளேயே விட்டேன். கல்லுக்குத் தீட்டில்லை.

சுங்கக்காரன் கால் வைத்த வீட்டில் மண்பாண்டம் மிஞ்சக் கூடாது. கழுவினாலும் தீட்டு போகாது, உடைத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் கப்பர்நகூமில் அதுதான் வழக்கம். முற்றத்தில் இருப்பவை தப்பிக்கும்.

வரப்போகிற சுங்கக்காரன் என் தம்பி லேவி.

உள்ளே அம்மா அவனுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். அவனைக் கூட்டிவரப் பக்கத்து வீட்டுத் திர்சாளை அனுப்பியிருந்தேன். என் வீட்டுக்காரர் படகு திரும்புவதற்குள் அவன் வந்து பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். இல்லையென்றால் மனிதர் துடுப்பைத் தூக்கிவிடுவார்.

ஏரியைப் பார்த்தேன். தெருவைப் பார்த்தேன்.

திர்சாள் தனியாக ஓடி வந்தாள்.

"அக்கா, சுங்கச் சாவடி காலியா கெடக்கு. ஊரூரா போதிக்கிற அந்த நாசரேத்துக்காரர் 'வா'ன்னாராம், உன் தம்பி போட்டது போட்டபடி எந்திரிச்சுப் போயிட்டானாம். எழுதுகோல மட்டும் காதுல செருகிட்டுப் போனான்னு ஊரே சிரிக்குது. எந்தப் பக்கம் போனாங்கன்னே தெரியல."

அந்தச் சாவடியை அவன் விட்டுத் தொலைய வேண்டுமென்று அம்மா அழாத ஓய்வுநாள் இல்லை. அந்த வேண்டுதல் இன்றைக்கா பலிக்க வேண்டும்? எனக்கு ஆத்திரமாக வந்தது.

உள்ளே போனேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அம்மா, தம்பி சாவடிய விட்டுட்டான்."

அம்மா என் கையைத் தட்டினாள்.

"பைத்தியக்காரி, அப்புறம் எதுக்குடி பானையெல்லாம் வெளியில? எடுத்து உள்ள வை. இனிமே எம்புள்ள எப்ப வேணா வரலாம்."

ஒவ்வொன்றாக உள்ளே கொண்டு வந்தேன். பானை தரையில் உட்காரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா "ம்" கொட்டினாள்.

உப்புமீன் பானையை வைத்தபோது "ம்" வரவில்லை.

சாவு விழுந்த வீட்டுப் பானைக்கும் அதே வழக்கம்தான்.

என் வீட்டுக்காரர் கரையிலிருந்து வந்தபோது நான் முற்றத்தில் பானைகளை உடைத்துக்கொண்டிருந்தேன். ஓடுகளைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"அவன் வந்தானா?"

"வந்தான்," என்றேன். "அம்மாவப் பாத்துட்டுத்தான் போனான்."