மலிவான கட்டில்

"சிட்டியில இதே கட்டிலுக்கு மூணு மடங்கு கேக்கறாங்க மேடம். அங்கேயிருந்து ரெண்டு மணி நேரம் தள்ளிப் போனா அதுல பாதி. உங்க ஊர்லதான் இருக்கறதுலயே மலிவு. அதான் கூப்பிட்டேன்."

ஃபோனில் குரல் கணீரென்று இருந்தது.

முதியோர் இல்லத்து மேனேஜரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பாவுக்கு இடம் கேட்கிறவன், காய்கறிக் கடையில் நிற்கிற மாதிரியல்லவா பேசுகிறான்.

"இதுலயும் கொஞ்சம் குறைக்க முடியுமா? ஜன்னல் இல்லாத ரூமா இருந்தாலும் பரவாயில்லை."

"அப்பாவுக்குக் காத்து வேண்டாமா சார்?"

"அனுசரிச்சுக்குவார். அவர் பென்ஷனுக்குள்ள முடியணும். மேல போட வழியில்லை. சாயங்கால டீயை வேணா கழிச்சுக்குங்க."

"உடம்புக்கு என்ன?"

"முழங்கால்தான். மத்தபடி யாருக்கும் தொந்தரவு இல்லாத மனுஷன்."

"எப்போ பார்க்க வருவீங்க?"

"யாரும் வரமாட்டாங்க. அதுக்கு ஏதாவது தள்ளுபடி உண்டா?"

சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள் மேனேஜரம்மா.

"கொண்டுவந்து விட வருவான்ல, அன்னிக்கு இருக்கு அவனுக்கு."

"என் பங்குக்கும் நாலு வார்த்தை சேர்த்துக் கேளுங்கக்கா" என்றாள் சமையல்காரம்மா. "இதுங்களை எல்லாம் சும்மா விடக்கூடாது."

திங்கட்கிழமை மழை விடவே இல்லை. வாடகை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஒரு பெட்டி, ஒரு தலையணை, ஒரு பெரியவர். கதவைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே வைக்கவே அவருக்கு வெகுநேரம் ஆனது.

மேனேஜரம்மா குடையோடு போய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பின்சீட் காலி.

"உங்க பையன் எங்கேய்யா?"

"யாரும் வரலம்மா."

"வாசல் வரைக்கும்கூடவா வர முடியலை? விலை பேச மட்டும் நேரம் இருந்துச்சா துரைக்கு?"

பெரியவர் தலையணையை மழை படாமல் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எனக்குப் பிள்ளையே கிடையாதும்மா."

"அப்போ ஃபோன்ல பேசினது?"

"நான்தான். கோவிச்சுக்காதீங்க. போன மாசம் எனக்கு ஒரு இடம் வேணும்னு உள்ளதைச் சொல்லித்தான் கேட்டேன். 'பெரியவங்ககிட்ட நாங்க பேசறதில்லை, பிள்ளைங்க யாரையாவது பேசச் சொல்லுங்க'ன்னு பட்டுனு வெச்சிட்டீங்களேம்மா."