கொழும்பிலிருந்து வந்த குப்பி

கொழும்பிலிருந்து ஐஸ்பெட்டியில் வந்த சின்னக் குப்பியை ஆய்வாளர் தயாளினி குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அதைக் கொண்டுவந்த சாரதி சீவரத்தினம் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, உது மூட்டுவாதத்துக்கெண்டு கதைக்கினம். என்ரை மனிசி நடக்க மாட்டாமல் கிடக்கிறா. ஒரு ஊசிக்குத் தந்தால் காணும்."

"இது மருந்தில்லை அண்ணை. செயற்கையாச் செய்த மனிதச் சைற்றோகைன் வாங்கிப் புரதம், உடம்பிலை வீக்கத்தைத் தூண்டுற சைற்றோகைனைப் பிடிக்கிறது. ஆய்வுகூடத்திலை சோதிச்சுப் பாக்க மட்டுந்தான், ஆக்களுக்கு ஏத்தேலாது. அக்காட்டை ஆஸ்பத்திரியிலை போடுற ஊசியை நிப்பாட்டவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"கொஞ்சம் ஆறுதலாச் சொன்னால் என்ன? பெத்த தாய்க்கும் இப்பிடி முகத்துக்கு நேரை சொல்லுவியளோ?"

தயாளினி தலையைக் குனிந்தாள்.

"சொல்லேல்லை அண்ணை. அம்மாவுக்கும் இதே வருத்தந்தான். கவலைப்படாதேங்கோ, புது மருந்தொண்டு வருகுதெண்டு ஆறுதலுக்குச் சொல்லிப்போட்டன். அதை நம்பி அவ ஆஸ்பத்திரி ஊசியை நிப்பாட்டிப்போட்டா. எனக்குத் தெரியவரேக்கை அவவின்ரை கையெல்லாம் மடங்கிப்போச்சு. இன்னும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. கரவெட்டியிலிருந்து அம்மா.

"பிள்ளை, அது வந்திட்டுதோ?"

தயாளினி கண்களை மூடிக்கொண்டாள்.

"வந்திட்டுது அம்மா. ஆனால் அது உங்களுக்கில்லை."