பெட்டி விவரம்

வர்த்தக ஒப்பந்தத்துக்கு இரண்டு நாட்டு அரசுகளும் இறுதி ஒப்புதல் கொடுத்துவிட்டன என்று செய்தி வந்ததும் தூத்துக்குடி துறைமுக வாசலில் வெடி போட்டார்கள். நானும் அரை கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

முப்பது வருஷமாக எனக்குச் சுங்க ஏஜெண்ட் வேலை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி ஜெபக்கனிக்கு, ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த அந்த நாட்டிலிருந்து செயற்கை இதயம் வரவழைத்தபோது, படிவத்தில் ‘தற்காலிக இறக்குமதி’ என்று நான்தான் எழுதினேன். தொழில் தெரிந்த எவனும் அப்படித்தான் எழுதுவான். ஒப்பந்தம் முடிகிறவரைக்கும் என்று போட்டிருந்த இடைக்கால ஏற்பாட்டில் அப்படி வரும் சரக்கு ஒரே நாளில் வெளியே வந்துவிடும். நிரந்தரம் என்று எழுதினால் ஒப்பந்தம் உறுதியாகும்வரை கிடங்கில் கிடக்கும். அவளுக்கு அவ்வளவு நாள் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டித்துக்கொண்டே வந்தேன்.

மக்ரூன் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே போனில் நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தம் உறுதியாகிவிட்டதால் இடைக்கால ஏற்பாடு ரத்து. அதில் வந்த சரக்கையெல்லாம் முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

“இதயத்தை மட்டும் அனுப்பணுமாங்க?” என்று கேட்டாள் ஜெபக்கனி.

சுங்க அதிகாரியிடம் ஓடினேன். “ஆளைக் கொல்லச் சொல்றீங்களா சார்?” என்று கத்தினேன்.

“யாரு கொல்லச் சொன்னா?” என்றார் அவர். “பெட்டியிலேர்ந்து பிரிக்க முடியாத சரக்கு பெட்டியோட போகும். உங்களுக்குத் தெரியாத விதியா?”

தெரியும். எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

திருப்பி அனுப்பும் படிவத்தில் ‘பெட்டி விவரம்’ என்ற இடத்தில் ஜெபக்கனி என்று எழுதினேன். எடை, ஐம்பத்திரண்டு கிலோ.