விளக்கு உடைந்த வழக்கு

முதலில், ஆன்லைனில் விற்ற கம்பெனிக்காரர்கள் கண்ணாடி விளக்கைச் சுற்ற ஒரே ஒரு செய்தித்தாளைக் கொடுத்தார்கள். இரண்டாவதாக, குக்கர் வந்த பழைய அட்டைப்பெட்டியில் அதைத் தனியாக உருள விட்டார்கள். மூன்றாவதாக, 'உடையும் பொருள்' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டியதோடு தங்கள் கடமை முடிந்தது என்றார்கள். நான்காவதாக, விளக்கு உடைந்தது.

திரும்பி வந்த பொருட்களின் கிடங்கில் விசாரணை நடந்தது. ரப்பர் முத்திரைதான் நீதிபதி. காது உடைந்த கோப்பைகளும் கால் ஒடிந்த நாற்காலியும் சாட்சிகள்.

"பெட்டியண்ணே, நான் எங்கே உடைஞ்சேன்னு நீங்க சொல்லுங்க. இல்லேன்னா பழி என்னை வாங்கின அந்த அம்மா மேல விழும்" என்றது விளக்கு.

"லாரியிலேயே நீ நொறுங்குன சத்தம் கேட்டுச்சு" என்று பெட்டி அதன் காதோரம் முனகியது. "ஆனா நாளைக்கும் என்னை ஒட்டி அனுப்பப் போறது அந்தக் கம்பெனிதானே?"

பிறகு சபையைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்றது.

"பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ எங்கே?" என்று கேட்டது முத்திரை.

"அவங்க என்னை ரெண்டு கையாலயும் ஏந்தி எடுத்தாங்க, ஐயா. செல்போனைப் பிடிக்க மூணாவது கை இல்லை."

சாட்சிகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அத்தனையும் வழியிலேயே உடைந்து வந்தவைதான்.

"வீடியோ இல்லையென்றால் வழக்கும் இல்லை."

முத்திரை மையில் புரண்டு எழுந்து, சாட்சிகள் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தது:

"உடைத்தவர், வாங்கியவரே. பெயர், பூரணவல்லி."