தையல் தவறு

படம் முடிந்ததும் பார்த்தவர்கள் எழுதிப் போட்ட கருத்துத் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்த தெத்சுரோ ஒரு தாளில் நின்றுவிட்டான்.

"இதைக் கேளுங்கப்பா. 'படம் பரவாயில்லை. தையல் தவறு.' அவ்வளவுதான்."

ஊர் மண்டபத்தில் மிச்சமிருந்தவர்கள் சிரித்தார்கள். பெயர் எழுதாவிட்டால் என்ன? அந்தக் கல்குவாரி ஊரில் தையல்கடை வைத்திருப்பவர் சுமிகோ சான் ஒருவர்தானே.

ரியோஜிக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் ஓடியது அவர்களுடைய கதை. ஓர் ஆட்டத்திலும் வென்றறியாத அவர்களுடைய பள்ளி, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பேஸ்பாலில் ஒரு பெரிய பள்ளியைத் தோற்கடித்த கதை.

பயிற்சியாளர் கொடுக்கும் எண் துணியைச் சட்டையின் முதுகில் தைத்துத் தருவது தாயின் வேலை. தாயில்லாத ரியோஜிக்கு அவனுடைய இருபதாம் எண்ணை அப்பாவே தைத்துக் கொடுத்தார். படக்காரர்களிடம் அதைச் சொன்னவனும் அவன்தான். அந்தக் காட்சியில் மண்டபமே அழுதது. அப்பா மட்டும் தலையை நிமிர்த்தவில்லை.

வாசலில் குடையை எடுத்துக்கொண்டிருந்த சுமிகோ சானை அவன் வழிமறித்தான்.

"எங்கப்பா தைச்சதுல என்ன குத்தம் கண்டீங்க?"

"அப்பாவைச் சொல்லலப்பா. படத்துல தையல் கோடு போட்ட மாதிரி நேரா ஓடுது. கல்லு உடைக்கிற கை அப்படித் தைக்காது. இருபதுல அந்தப் பூஜ்யம் கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சிருக்கணும்."

"விடுடா," என்று பின்னாலிருந்து தெத்சுரோ குரல் கொடுத்தான். "நாம இருபத்தொரு பேரு, எண்ணு இருபது. கடைசி எண்ணு உனக்கு வந்துச்சு, அவங்க மகன் நவோகிக்கு இல்லாமப் போச்சு. அந்த எரிச்சல் இன்னும் ஆறல."

சுமிகோ சான் இருவருக்கும் தலை வணங்கிவிட்டு மழையில் இறங்கி நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரியோஜி பழைய சட்டையைத் தேடியெடுத்து விளக்கடியில் விரித்தான். தையல் வளைந்து வளைந்து போயிருந்தது. பூஜ்யம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"சுமிகோ சான் சொன்னது சரிதாம்ப்பா. ஆனா இத்தனை வருஷமா இதை ஞாபகம் வெச்சிருக்காங்கன்னா, எவ்வளவு வன்மம் பாருங்க."

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாதுடா."

ரியோஜி நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னிக்கு இந்தச் சட்டையைத் தூக்கிக்கிட்டு அவங்க கடைக்குத்தான் ஓடினேன். அழகா, நேரா தைச்சு முடிச்சாங்க. அப்புறம் என் கையைப் பார்த்தாங்க. 'பையன் இதை நீங்க தைச்சதுன்னு நம்பணும்'னு சொல்லி, அத்தனையும் பிரிச்சுட்டு, மெனக்கெட்டுக் கோணலா தைச்சுக் கொடுத்தாங்க."

அப்பா சட்டையின் பூஜ்யத்தை விரலால் தடவினார்.

"பக்கத்து அறையில நவோகி அழுதுக்கிட்டிருந்தான்."